மூன்றாவது ஓலை

புதுச்சேரியில் காற்றுகூட ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் திசை மாறும். காலையில் தரையிலிருந்து கடலுக்கு வீசும். உச்சி சாய்ந்ததும் கடலிலிருந்து தரைக்கு வீசும். இடைப்பட்ட நேரத்தில் சொன்ன சொல்லில் நிற்கும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களில் காற்றைவிட அதிகத் தடவை திசை மாறியவர் ஒருவர்தான். முதலியார்பேட்டையில் நான் குடியிருந்த வருடங்களை மாதவாரியாக நினைத்துப் பார்க்கும்போது இதில் எனக்குச் சந்தேகமே வருவதில்லை. அவர் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன். பெயர் 'ரெண்டு ஓலை'.

அந்தப் பெயர் வந்த கதையை உரிய இடத்தில் சொல்கிறேன். முதலில் ஆளைச் சொல்லிவிட வேண்டும். நெட்டையான, ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் டெஸ்டர். மீசை வைப்பதா எடுப்பதா என்ற விசாரணை முடியாமலே இருந்ததால், எந்த நாளில் பார்த்தாலும் முகத்தில் நான்கு நாள் மீசை இருக்கும். வேலைக்குக் கூப்பிட்டால் உடனே புறப்படுவார். பாதி வழியில் நின்று, தோளில் இருக்கும் பெரிய ஏணியைப் பார்ப்பார். சின்ன ஏணிதான் சரி என்று தோன்றிவிடும். திரும்பிப் போவார். சின்ன ஏணியோடு வரும்போது, அதே இடத்தில், பெரிய ஏணியின் அருமை புரியும். அந்த இரண்டு ஏணிகளும் எங்கள் தெருவிலேயே நடந்த தூரத்துக்குக் கடலூர் போய்த் திரும்பியிருக்கலாம்.

எங்கள் வீட்டு வாசல் விளக்குக்கு சுவிட்ச் வைத்தது அவர்தான். முதலில் கதவுக்கு வெளியே வைத்தார். மழைச் சாரல் அடிக்கும் என்று தோன்றியதால் கதவுக்கு உள்ளே கொண்டு வந்தார். மூன்றாவதாக அது சமையலறைக்குப் போனபோது என் மனைவி தலையிட்டாள்.

"ஏம்பா, வாசல் லைட்டப் போட நான் அடுப்பங்கரைக்கா போவணும்?"

"யோசிச்சிப் பாருங்கக்கா. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துல நீங்க எங்க இருப்பீங்க?"

"அடுப்பங்கரையிலதான்."

"அப்ப சுவிட்சு எங்க இருக்கணும்?"

என் மனைவி யாருடைய வாதத்துக்கும் மடங்கியவள் அல்ல. அன்று மடங்கினாள். மறுநாள் காலையில் பால் வருவதற்கு முன்பே அவர் வாசலில் நின்றார். "அக்கா, நீங்க சொன்னதுதாங்க்கா சரி. வாசல் லைட்டுக்கு அடுப்பங்கரையில சுவிட்சு வப்பாங்களா யாராவது?" அதற்குள் என் மனைவிக்கு அடுப்பங்கரை சுவிட்ச் பிடித்துப் போயிருந்தது. கடைசியில் அந்த ஒரு விளக்குக்கு நான்கு சுவிட்சுகள் ஆயின. எதை அழுத்தினாலும் எரியும். அணைப்பதற்கு மட்டும் அவரைக் கூப்பிட வேண்டும்.

ஆனால் அவர் செய்த வேலை எதுவும் பழுதானதில்லை. பழுதாவதற்குள் மாற்றிவிடுவார்.

தெரு அவருக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. முனையில் இருந்த டீக்கடையில் அவர் தலை தெரிந்ததும் மாஸ்டர் ஒரு தம்ளரில் வெறும் பாலை ஊற்றி வைத்துவிட்டு, ஒரு கையில் டீ வடிகட்டியும் இன்னொரு கையில் காபி டிகாஷனுமாக நிற்பார். "மாஸ்டர், டீ. இல்ல, காபி. இரு இரு." மாஸ்டர் இருப்பார். மற்ற வாடிக்கையாளர்களும் இருப்பார்கள். பெரும்பாலும் ரெண்டு ஓலை வெறும் பாலைக் குடித்துவிட்டு, ஏமாற்றப்பட்ட முகத்தோடு போவார்.

பெத்தாங்க் மைதானத்தில் கதை வேறு. இரும்புக் குண்டை எறிந்து சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தும் அந்த விளையாட்டை எங்கள் ஊரில் வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போக, ஓய்வு பெற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு ஆட்டக்காரர் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: குண்டை மெதுவாக உருட்டிப் பக்கத்தில் சேர்ப்பதா, எதிராளியின் குண்டை அடித்துத் தள்ளுவதா. ரெண்டு ஓலை வட்டத்துக்குள் போய்க் குந்துவார். எழுந்திருப்பார். மறுபடியும் குந்துவார். அந்த இடைவெளியில் மற்றவர்கள் போய்ச் சுண்டல் வாங்கி வருவார்கள். கடைசியில் எதிரணியைப் பார்த்து, "நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று மனதாரக் கேட்பார். எதிரணி மனதாரச் சொல்லும். அவரும் அதன்படியே எறிந்து தோற்பார்.

தேர்தல் சமயங்களில், கடைசியாக யார் பேச்சைக் கேட்டாரோ அவர் கட்சி. காலையில் ஒரு கொடியோடு போனவர் சாயங்காலம் இன்னொரு கொடியோடு திரும்புவார். இதில் ஆதாயம் எதுவும் அவருக்கு இருந்ததில்லை. எங்கள் ஊர் சட்டசபையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு விஷயம்தான் விசித்திரமாக இருந்தது.

இப்படிப்பட்டவர் ஃபிலோமினாவைக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்தார்.

ஃபிலோமினா எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு டியூஷன் எடுத்தவர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்த வழியில் குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி. அண்ணன் பாரீசுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டார். பெற்றோர் காலமான பிறகு ஃபிலோமினா தனியாக இருந்தார். மாதா கோயிலில் எப்போதும் மூன்றாவது வரிசை, சுவரோரம். வெயிலோ மழையோ கறுப்புக் குடை. அவர் ஒரு தடவை சொன்ன வார்த்தையை மறு தடவை வேறு மாதிரிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. இவரும் ரெண்டு ஓலையும் சின்ன வயதில் ஒரே ஞானோபதேச வகுப்பில் படித்தவர்கள். அங்கே பத்துக் கட்டளைகளில் எது பெரியது என்று கேட்டதற்கு ரெண்டு ஓலை மூன்று பதில்கள் சொல்லி முட்டி போட்டதாகவும், ஃபிலோமினா சிரித்ததாகவும் தெருவில் சொல்வார்கள். அவர்கள் கதை அங்கே ஆரம்பித்திருக்கலாம்.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசையில் பங்குச் சாமி அதை அறிவிப்பார். இதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். இன்னாருடைய மகன் இன்னாரும் இன்னாருடைய மகள் இன்னாரும் திருமணம் செய்யவிருக்கிறார்கள். தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் பங்குச் சாமியிடம் அறிவிக்க வேண்டும். மூன்று ஓலையும் வாசித்துத் தடை எதுவும் வராவிட்டால்தான் கல்யாணம்.

ஊரெல்லாம் மரங்களைச் சாய்த்த அந்தப் பெரிய புயல் மார்கழியில் அடித்தது. அதற்கு அடுத்த சித்திரையில், பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடிந்த கையோடு, அவர்களுடைய முதல் ஓலை வாசிக்கப்பட்டது. அதுவரை அவர் எல்லாருக்கும் வெறும் எலக்ட்ரீஷியன்தான். ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி வாசித்ததால், மாப்பிள்ளை யாரென்று கோயிலில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பெயரை நான் இங்கே எழுதினால் அவரே யாரென்று கேட்பார். பூசை முடிந்து வெளியே வந்துதான் விஷயம் புரிந்தது. தெரு மகிழ்ந்தது. இரண்டாவது ஞாயிறும் நல்லபடியாகப் போனது. மூன்றாவது ஞாயிறு, பூசைக்கு முன்னால், சாமி உடை மாற்றும் அறைக்குள் மாப்பிள்ளை நுழைந்தார். பக்கத்தில் காணிக்கைத் தட்டோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சாமி, ஓலையில தடை தெரிஞ்சா சொல்லணும்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"எனக்கு ஒரு தடை தெரியும் சாமி."

வயதான சாமி அவர். கையிலிருந்த அங்கியைக் கீழே வைத்தார். "என்னப்பா தடை?"

"மாப்பிள்ள சரியில்ல சாமி."

"மாப்பிள்ளை நீதானேப்பா."

"அதனாலதான் சாமி எனக்கு நல்லாத் தெரியும். நெலையான புத்தி கெடையாது. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு சாமி. கண்ணத் தெறந்துகிட்டே போயி கெணத்துல தள்ளலாமா?"

தன் கல்யாணத்துக்குத் தானே தடை சொன்ன மாப்பிள்ளை எங்கள் பங்கின் வரலாற்றில் அதற்கு முன் இல்லை. சாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளையின் மேல் மாப்பிள்ளை வைத்த குற்றச்சாட்டுகள் அத்தனையும் உண்மையாக இருந்ததால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அன்று மாலைக்குள் 'ரெண்டு ஓலை' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பூசை முடிந்து ஃபிலோமினா கோயில் வாசலில் அவரை நிறுத்தினார்.

"தடை சொன்னியாமே?"

"ஆமா."

"நான் கேட்டனா?"

"நீ கேக்க மாட்ட. அதான் நானே சொன்னேன்."

குடை விரிந்தது. அடுத்த வருடம் குருத்து ஞாயிறு வரைக்கும் ஃபிலோமினா அவரோடு பேசவில்லை. அவர் மட்டும் வாரா வாரம் அந்த வீட்டு வாசல் வரை போவதும், அழைப்பு மணியை அழுத்தாமல் திரும்புவதுமாக இருந்தார். பல வருடங்கள் கழித்து மணி அடிக்கப்பட்டது. மீண்டும் நிச்சயமானது.

இரண்டாம் சுற்று, ஊரடங்கு எல்லாம் முடிந்து கோயிலில் பழையபடி நெருக்கி உட்கார ஆரம்பித்த பிறகு, ஒரு நவம்பர் மாதத்தில். இரண்டு ஓலைகள் முடிந்தன. மூன்றாவது ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா, கோயில் நிறைந்திருந்தது. சாமி ஓலையைக் கையில் எடுத்ததுமே பின்னாலிருந்து நீண்ட உருவம் ஒன்று எழுந்தது.

"சாமி, ஒரு நிமிஷம். மைக்கு சரியா கேக்கல."

"முன்னாடி கேக்குதேப்பா."

"பின்னாடி கேக்கல சாமி. இவ்ளோ முக்கியமான விஷயம். நான் சரி பண்ணிர்றேன், அடுத்த வாரம் வாசிங்க."

"பின்னாடி இருக்கறவங்களுக்கா கல்யாணம்?" என்று சாமி கேட்டார். ஆனால் மைக்கின் ஒயர் அதற்குள் பின்னால் இருந்தவர் கையில் இருந்தது. அடுத்த வாரம் திருவருகைக் காலம் பிறந்துவிட்டது, கல்யாணம் வைப்பதில்லை. பிறகு மார்கழி. பிறகு பொங்கல் கூட்டம். பிறகு தவக்காலம். அதற்குள் முதல் இரண்டு ஓலைகளும் காலாவதியாகிவிட்டன. மைக் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை கணீரென்று கேட்கிறது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்த விவகாரத்தில் மனம் மாறியது அவர் மட்டும் அல்ல. முதல் சுற்றில் ஃபிலோமினாவுக்காகக் கண் கலங்கிய பங்குப் பெண்கள், இரண்டாம் சுற்றில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். "அவரை விட்டுத் தொலை" என்று சொன்னவர்களே, ஃபிலோமினா விட்டுவிட்டதாக வதந்தி வந்தபோது, "பாவம், அந்த ஆள இப்படிப் பண்ணிட்டாளே" என்றார்கள். பாரீஸ் அண்ணன் முதல் சுற்றில், "கரன்ட் வேலை செய்றவனா?" என்று போனில் கத்தினார். இரண்டாம் சுற்றில், மாப்பிள்ளைக்கு கோட்டுத் துணி அனுப்பினார். மூன்றாம் சுற்றுக்குள் மறுபடியும் கத்த ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாம் சுற்று போன வருடம், பாஸ்குவுக்குப் பிறகு. இம்முறை அண்ணன் வெறுமனே கத்தவில்லை. தங்கைக்கு விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார். அங்கேயே வந்து தங்கிவிடு, உனக்கென்று ஓர் அறை இருக்கிறது என்றார். ஃபிலோமினா டியூஷன் பிள்ளைகளுக்கு வேறு டீச்சர் பார்த்து வைத்தார். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று என் மனைவியிடம் பேசினார். பிறகு ரெண்டு ஓலையைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்.

"அலோர், அப்ப நல்லாக் கேட்டுக்கோ. மூணாவது ஓல வாசிச்சா நான் இருப்பேன். இல்லன்னா அந்த வாரமே ஃப்ளைட்டு. நாலாவது தடவைக்கு நான் இங்க இருக்க மாட்டேன். செ ஃபினி. அவ்ளோதான், முடிஞ்சிது."

இப்படிப் பேசும்போது அவர் குரல் உயரவே இல்லை. போகும்போது குடையை விரிக்க மறந்துவிட்டார். அதை நான் கவனித்தேன். ரெண்டு ஓலையும் கவனித்தார்.

முதல் ஓலை ஆனது. இரண்டாவது ஓலையும் ஆனது. மூன்றாவது ஞாயிற்றுக்கு முதல் நாள், சனிக்கிழமை மாலை, அவர் என்னைத் தேடி வந்தார்.

"சார், எனக்கு ஒரு உதவி பண்ணணும். நாளைக்கு காலைல பூச முடியற வரைக்கும் என்னை உங்க மாடி ரூம்புல வச்சிப் பூட்டிருங்க."

"எதுக்கு?"

"வெளிய இருந்தா போயி தடை சொல்லிருவேன் சார். என்னை எனக்குத் தெரியும். நீங்கதான் சொன்னா சொன்னபடி இருப்பீங்க. நான் இன்னா சொன்னாலும் தெறக்கக் கூடாது. கெஞ்சினாலும் தெறக்காதீங்க. காச்சல்னாலும் தெறக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவராகவே வந்து, மாடியேறி, அறைக்குள் போய், கதவைத் தானே சாத்திக்கொண்டார். நான் பூட்டினேன். என் மனைவி பூசைக்குப் போனாள். தெருவே பூசைக்குப் போனது. மூன்றாவது ஓலைக்கு வந்த கூட்டம் கிறிஸ்துமஸ் பூசைக்குக்கூட வந்ததில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் சாவியோடு வாசல் கேட்டில் நின்றேன். கோயிலில் முதல் மணி அடித்தது. மாடி ஜன்னல் திறந்தது.

"சார், தெறங்க."

"என்ன சொன்னாலும் திறக்காதீங்கன்னு நேத்து சொன்னியே."

"அது நேத்து சொன்னவன் சார். நான் இன்னிக்கு சொல்றேன்."

"நேத்து சொன்னவன்தான் யோசிச்சுச் சொன்னான்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் இதைப் பற்றிச் சிந்தித்தார். "அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு சார்," என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஜன்னல் இதற்குப் பிறகும் பல தடவை திறந்து மூடியது. ஒரு தடவை தண்ணீர் கேட்டார். கொடுக்கலாமா என்று நான் நேற்றைய ஆளின் கட்டளையை மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவை, நிஜமாகவே காய்ச்சல் என்றார். ஒரு தடவை ஒன்றுமே கேட்காமல், "நல்லா இருப்பா சார், அங்க போனா. குளிருதான் கொஞ்சம்," என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் மணி அடித்துச் சற்று நேரத்தில், தெருக்கோடியில் கறுப்புக் குடை தெரிந்தது. கோயில் இருப்பது அந்தப் பக்கம். குடை இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஃபிலோமினா நல்ல பட்டுப் புடவையில் இருந்தார். எங்கள் கேட்டின் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, அவரு கோயில்ல இல்ல. வீட்லயும் இல்ல. இங்கியா இருக்காரு?"

"மாடியிலம்மா. பூட்டி வச்சிருக்கேன்."

"யாரு பூட்டச் சொன்னது?"

"அவரேதான்."

ஃபிலோமினா மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். பிறகு குடையை மடக்கினார்.

"தெறந்து விட்டுருங்கண்ணே. பூட்டி வச்சி ஓல வாசிக்கிற கல்யாணம் எனக்கு வேணாம். நான் மனசு மாத்திக்கிட்டேன். நான் போறேன்."

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"சார், தெறக்காதீங்க!"

"தெறங்கண்ணே."

"சார், நேத்து நான் இன்னா சொன்னேன்?"

சாவி என் கையில் இருந்தது. கல்யாணம் என்ற விஷயத்தில் அது இருக்க வேண்டிய இடம் என் கை அல்ல என்பது எனக்குத் தெரிந்தது; யார் கை என்பதுதான் தெரியவில்லை. ஃபிலோமினா அந்தக் கேள்விக்கு விடை சொன்னார். சாவியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு மாடியேறினார். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. உடனே இறங்கி வந்து, தெருவின் நடுவில் நின்றார். அவர் பின்னாலேயே ரெண்டு ஓலை, டெஸ்டர் இல்லாத வெள்ளைச் சட்டையில், இறங்கி வந்தார்.

"கதவு தெறந்திருக்கு," என்றார் ஃபிலோமினா. "கோயிலு அந்தப் பக்கம். போயி தடை சொல்லணும்னா சொல்லு. பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கம். ஓடணும்னா ஓடு. எனக்கு நாப்பத்தஞ்சு வயசாவுது. பூட்டுப் போட்டு காவல் காக்க என்னால ஆவாது."

ரெண்டு ஓலை கோயில் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். நின்றார். பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு எட்டு வைத்தார். நின்றார். நான் இந்த மனிதரை எத்தனையோ சந்திகளில் இப்படி நின்று பார்த்திருக்கிறேன். அன்றுபோல் அவர் முகம் வெளிறி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்தார். எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் இருக்கும் சிமென்ட் படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"நான் எங்கியும் போவல," என்றார். "எனக்கு நடந்தாதான் மனசு மாறுது. இங்கியே உக்காந்துக்கறேன்."

"எத்தினி நாளைக்கு?"

"பூச முடியற வரைக்கும். அப்பறம் நீ சொல்ற வரைக்கும்."

"நீ அஞ்சு நிமிஷத்துல மாத்துவ."

"மாத்துவேன். இல்லன்னு நான் சொல்லல." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஓல மொத வாட்டி வாசிச்சதுல இருந்து உன் வீட்டு வாசல்லேந்து எத்தினி தடவ திரும்பிப் போயிருக்கேன்? கணக்கே இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தனா இல்லியா? வேற எந்த வாசல்லியாவது போயி நின்னனா?"

"வேற எவ வாசல்ல விட்டா உன்ன?"

"அதுவும் சரிதான்," என்றார் அவர், ஒரு நல்ல வாதத்தைக் கேட்கும்போது வழக்கமாகக் காட்டும் மரியாதையோடு. "ஆனா நான் போயிப் பாக்கவும் இல்ல."

ஃபிலோமினா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கேட்டுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். வெயில் ஏறியிருந்தது. ஃபிலோமினாவும் படியில், ஒரு ஆள் இடம் விட்டு, உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்துக் குடையை விரித்தார். அது இரண்டு பேருக்குமாகத்தான் விரிந்தது. ஆனால் யாருக்கு அதிகம் என்று சொல்ல முடியாதபடி நடுவில் பிடித்துக்கொண்டார்.

கோயில் கோபுரத்தில் ஒரு குழாய் ஒலிபெருக்கி உண்டு. ஆள் இல்லாத தெருவில் சாமியின் குரல் தெளிவாகக் கேட்டது. மக்களின் மன்றாட்டு முடிந்தது. இருமல்கள் கேட்டன. பிறகு ஓலை.

யாருக்கும் தெரியாத அந்த ஞானஸ்நானப் பெயர் தெருவில் ஒலித்தது. பிறகு ஃபிலோமினாவின் பெயர். "இது மூன்றாவதும் கடைசியுமான அறிவிப்பு. இத்திருமணத்துக்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால்..."

சாமி நிறுத்தினார். வழக்கமாக இந்த இடத்தில் யாரும் நிறுத்துவதில்லை. கோயில் முழுக்கத் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரும் பார்த்திருக்கிறார். இங்கே படியில் உட்கார்ந்திருந்தவர் வாயைத் திறந்தார்.

"இன்னா?" என்றார் ஃபிலோமினா.

"ஒண்ணுமில்ல. கொட்டாவி."

ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பித்தது. மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டுவிட்டது. ஃபிலோமினா குடைக்கு உள்ளே தலையைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் அவர் தோள் மட்டும் அசைந்தது. ரெண்டு ஓலை என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "சார், அழுவுறாளா, சிரிக்கிறாளா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பூசை முடிந்து வந்த பெண்கள் முகத்தில் சற்று ஏமாற்றம் தெரிந்தது. ஒன்றும் நடக்காத ஓலையைக் கேட்க அவ்வளவு சீக்கிரம் எழுந்து வந்திருந்தார்கள்.

கல்யாணம் அடுத்த புதன்கிழமை காலையில் நடந்தது. மாப்பிள்ளை, பாரீஸ் அண்ணன் அனுப்பிய துணியில் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, கோயில் வாசலில் கழற்றிவிட்டு, பீடத்துக்குப் பக்கத்தில் போய் மறுபடியும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். "சம்மதமா?" என்று சாமி கேட்டார். மாப்பிள்ளை மேலே பார்த்தார். கீழே பார்த்தார். கோயிலில் விசிறிகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. சாமிக்கு நெற்றியில் வேர்த்தது.

"சம்மதம் சாமி," என்றார். சாமி அடுத்த வரிக்குப் போகும்போது, "சாமி," என்று குறுக்கிட்டார். கோயில் மூச்சை நிறுத்தியது. "சம்மதந்தான் சாமி. யோசிச்சிப் பாத்துட்டேன்."

ஃபிலோமினா ஒரே தடவைதான் சொன்னார்.

அந்த வருடமே, ஆடி பிறக்குமுன், நாங்கள் மகன் கட்டிய வீட்டுக்கு, உழவர்கரைக்குக் குடி வந்துவிட்டோம். இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. தெருவில் நடப்பவர்கள் ஒரு திசையில் போனால் அந்தத் திசையிலேயே போகிறார்கள். அவ்வப்போது ரெண்டு ஓலை போன் செய்வார். "சார், இந்த வியாழக்கெழம ரெண்டு பேரும் வர்றோம்," என்பார். பின்னாலிருந்து ஃபிலோமினாவின் குரல், "அண்ணே, நம்பாதீங்க," என்று கேட்கும். வியாழக்கிழமை வரமாட்டார்கள். ஏதோ ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்கள். அன்று முழுக்க என் மனைவி சத்தமாகச் சிரிப்பாள்.

ஆகவே அவர் வருவதாகச் சொல்லும் நாட்களில் நான் வெளிவேலைகளை வைத்துக்கொள்கிறேன். மற்ற நாட்களில் வீட்டை விட்டு எங்கும் போவதில்லை.